கண் அசைவுச் சிகிச்சை: மூன்று வருடங்களுக்குப் பிறகு

2022 இல், மனவடுவுக்குக் கொடுக்கப்படுகிற, ஈஎம்டிஆர் என்று சொல்லப்படும் கண் அசைவுச் சிகிச்சையை எடுத்தேன். மொத்தம் பதினொரு அமர்வுகள். முடிந்து மூன்று வருடமாகிறது. திருகோணமலையில் என்னைப் போல 2004 சுனாமியை உள்ளே வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் நிறையப் பேர். "அது உண்மையா வேலை செய்யுதா?" என்று கேட்பவர்களுக்கு ரோட்டில் நின்று பாதிதான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா நாள். எங்கள் வீடு உப்புவெளிக் கரையில். எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஆறு. அவன் கை என் கையில் இருந்தது, பிறகு இல்லை. அதற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை.

கடலைப் பார்க்க எனக்குப் பயமில்லை. பயம் மேல் டாங்கியில் தண்ணீர் நிரம்பி வழிகிற சத்தத்துக்குத்தான். யாராவது மோட்டரை நிறுத்த மறந்தால் போதும், கை விறைத்து, மூச்சு அடைத்துவிடும். பழசு ஞாபகம் வருகிறது என்று அதைச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அது மறுபடி நடக்கும்.

முதலில் நான் போன இடத்தில், என்னைப் பற்றி ஒன்றும் கேட்காமல், முதல் நாளே அவர்கள் அங்குமிங்கும் அசைக்கிற விரலைப் பார்த்துக்கொண்டு அந்தக் காலையை நினைக்கச் சொன்னார்கள். ஒரு கிழமை நித்திரை இல்லை. இந்தச் சிகிச்சைக்கு எட்டுக் கட்டங்கள் உண்டு, அந்த நினைவைத் தொட்டுக்கொண்டு கண்ணை அசைப்பது நான்காவதில்தான் என்று பிறகுதான் அறிந்தேன். யாராவது முன்னால் உள்ள மூன்றையும் தாண்டிப் போனால் எழும்பி வந்துவிடுங்கள்.

அடுத்துக் கிடைத்த உளவளத்துணையாளர் அக்கா இரண்டு அமர்வுகளுக்கு விரலையே தூக்கவில்லை. கதைத்தோம். மனம் அமைதியாகிற ஓர் இடத்தை நினைக்கச் சொன்னார். கோட்டைக்குள் மர நிழலில் மான்கள் படுத்திருக்குமே, கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், அதைச் சொன்னேன். பிறகு எனக்குள் ஓடுகிற வசனத்தைக் கேட்டார். "என்னிலதான் பிழை." அதற்குப் பதிலாக எதை நம்ப விருப்பம்? "நான் சின்னப் பிள்ளை, ஏலுமானதைச் செய்தேன்." அந்த வசனம் எவ்வளவு உண்மையாகப் படுகிறது என்று 1 முதல் 7 வரை எண் கேட்டார், 1 என்றேன். வேதனைக்கு 0 முதல் 10 வரை. அதற்கு 9.

கண்ணால் விரலைப் பின்தொடர்வது ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் அளவில்தான். நிறுத்தி, "மூச்சை இழுத்து விடுங்கோ. இப்ப என்ன வருது?" என்பார். எது சொன்னாலும், "சரி, அதையே பாருங்கோ." விளக்கமோ ஆறுதலோ இல்லை. ஆறாவது அமர்வில் நினைவுக்குள் பக்கத்து வீட்டு மாமா வந்தார். வள்ளம் தள்ளித் தள்ளி உரமேறிய கைகள். அவராலும் தன் மனைவியைப் பிடித்துவைக்க முடியவில்லை. இது எனக்குத் தெரியாத விசயமில்லை. ஆனால் என் கைக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. விரல்கள் சூடாகின. அப்புறம் நான் அழுததை எழுதத் தேவையில்லை.

ஏன் இப்படி வேலை செய்கிறது? அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாப்பிரோ 1987 இல் இதைக் கவனித்து, 1989 இல் முதல் ஆய்வை வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனம் 2013 இல் மனவடுவுக்கான சிகிச்சைகளில் ஒன்றாகப் பரிந்துரைத்தது. நினைவையும் கண் அசைவையும் மூளை ஒரே நேரத்தில் தாங்கும்போது நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு விளக்கம். கண் அசைவு தேவையே இல்லை, நினைவைப் பாதுகாப்பாக எதிர்கொள்வதுதான் குணமாக்குகிறது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. என் அனுபவத்தில், அரை நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்ற உறுதி இல்லாவிட்டால் நான் அந்தக் காலைக்குள் காலே வைத்திருக்க மாட்டேன்.

அந்த வருடம் பெற்றோல் வரிசையும் மின்வெட்டும். கடைசி நான்கு அமர்வுகள் தொலைபேசியில்தான். விரலைப் பார்க்க முடியாதே, அதற்குப் பதிலாக அக்கா வண்ணத்துப்பூச்சி அணைப்பைப் பழக்கினார்: கைகளை நெஞ்சின் குறுக்கே வைத்து, மாறி மாறித் தட்டுவது. 1998 இல் மெக்சிகோவில் சூறாவளியில் தப்பிய பிள்ளைகளோடு வேலை செய்தபோது லூசினா ஆர்ட்டிகாஸ் உருவாக்கிய முறை. கரண்ட் போய் இருட்டுக்குள் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிரமங்களும் உண்டு. ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் இரண்டு நாள் தலையிடி, விசித்திரமான கனவுகள். மறுநாள் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். காணொளி பார்த்துத் தனியாகச் செய்து பார்க்கவும் வேண்டாம்.

இன்றைக்கு டாங்கி வழிந்தால் வேதனை 2 இருக்கும். எழும்பிப் போய் மோட்டரை நிறுத்துகிறேன். கெட்ட கனவு எப்போதாவதுதான். ஆனால் தம்பி இல்லாத துக்கத்தை இது குறைக்கவில்லை. பயம் இருந்தவரை அவனை நினைக்கவே முடியவில்லை. அது விலகிய பிறகுதான் அவனைத் தேட ஆரம்பித்தது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

ஒவ்வொரு டிசம்பர் 26 உம் காலை 9.25 க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம். முன்பெல்லாம் அறைக் கதவைப் பூட்டிக்கொள்வேன். போன டிசம்பர் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். முடிந்ததும், "அம்மா, தம்பி புட்டை எதோட சாப்பிடுவான்?" என்று கேட்டேன். இருபது வருடமாக எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

"சீனியும் வாழைப்பழமும் போட்டு, பிள்ளை. நீதானே குழைச்சுக் குடுக்கிறனீ" என்றா அம்மா.