முட்டிக்குக் 'கரண்ட்' வைத்து இரண்டு வருடம்

தேயிலைக் காட்டில் 26 வருடம் மேஸ்திரி வேலை. ஏறினதுகூடப் பரவாயில்லை, சரிவில் இறங்கி இறங்கித்தான் வலது முட்டி போனது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் தேய்மானம் என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பினார். குன்னூரில் எங்கள் ஆட்கள் இதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். ஆனால் தோல் வழியாக மின்சாரம் விட்டு ஜிவ்வென்று இழுக்கிற ஐ.எஃப்.டி. வேறு, எனக்கு வைத்தது அலையால் சூடு கொடுக்கிற ஷார்ட்வேவ் டயாதெர்மி.

முட்டிக்கு இரண்டு பக்கமும் ஒரு பேட், நடுவில் மடித்த டவல், 15 முதல் 20 நிமிடம், அவ்வளவுதான். மெஷின் ஓடுகிறதா என்றே எனக்குச் சந்தேகம். பிசியோதெரபி பார்க்கிற பெண் சிரித்துக்கொண்டே ஒரு சின்ன டியூபைப் பேட் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒயரே இல்லாமல் அது எரிந்தது! 27.12 மெகாஹெர்ட்ஸ் அலையாம், தசைக்குள் இருக்கிற நீரையும் உப்பையும் ஆட்டி உள்ளேயே சூட்டை உண்டாக்குகிறது. வெந்நீர் பையின் சூடு தோலோடும் கொழுப்போடும் நின்றுவிடும், இது சில சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்.

"இதமா இருக்கணும் அங்கிள், சுடக் கூடாது. சுட்டா உடனே சொல்லுங்க."

இதை முதலில் போன இடத்தில் யாரும் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் நனைந்துபோய்ப் படுத்தேன், முட்டியைத் துடைக்கவில்லை, டவலும் ஈரம். ஓர் இடத்தில் மட்டும் சுருக்கென்றது. பொறுத்துக்கொண்டால் சீக்கிரம் குணமாகும் என்ற நினைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். விளைவு, ஒரு ரூபாய் அளவுக்குக் கொப்புளம், ஆற மூன்று வாரம். ஈரம் இருக்கிற இடத்தில்தான் சூடு குவியுமாம். இப்போது நானே துடைத்து, டவல் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை நீட்டுகிறேன். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவதே தெரியாது, அதனால் அவர்களுக்கு இது ஆகாது. முட்டி புதிதாக வீங்கிச் சூடாக இருக்கிற அன்றைக்கும் வேண்டாம்.

சரி, வலி போனதா? வைத்த அன்றும் மறுநாளும் நன்றாக இருக்கும், காலையில் எழும்போது இருக்கிற பிடிப்பு பாதியாகக் குறையும். அந்த நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தணும், விஷயமே அதுதான். முட்டிக்கு அடியில் டவலைச் சுருட்டி வைத்து, கீழே அழுத்தி, ஐந்து எண்ணி விடுவது. கேட்கச் சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும், தொடை நடுங்கும். கொழுந்து அதிகமாக வந்த ஒரு மாதம் பயிற்சியை விட்டுவிட்டு மெஷினுக்கு மட்டும் போனேன். சிட்டிங்குக்கு 250 ரூபாய் கொடுத்ததுதான் மிச்சம், எங்கள் ஊர் பெட்ஃபோர்டு ஏற்றத்தில் மறுபடியும் நின்று நின்று போனேன்.

இப்போது வருடம் முழுக்கப் போவதில்லை. ஊட்டியில் உறைபனி என்று செய்தி வருவதற்கு முன்னாடியே முட்டி சொல்லிவிடும், அப்போது ஒரு பத்து சிட்டிங். மற்ற நாளில் பயிற்சி மட்டும். சம்மணம் போட்டு உட்கார இன்னும் முடியாது.

போன மார்கழியில் வீட்டம்மாவையும் கூட்டிப்போனேன், அவளுக்குக் கணுக்கால் வலி. உள்ளே பிளேட் இருக்கிறது என்றதும் மெஷின் பக்கமே விடவில்லை, உலோகம் இருந்தால் அதைச் சுற்றிச் சூடு ஏறிவிடுமாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இது ஆகாதாம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம். "உங்களுக்கு மட்டும் மெஷினு, எனக்குத் துணியா" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.