நாலு வருஷமாக மாஃபியாவும் ரெசிஸ்டன்ஸும்: கொழிஞ்சாம்பாறை அனுபவம்

கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டியிருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வாசகசாலைத் திண்ணையில் ஞாயிறு சாயங்காலம் பத்து, பதினைந்து பிள்ளைகள் சேர்வார்கள். எட்டாவது முதல் பிளஸ் டூ வரை. பாதிப் பேர் தமிழ் மீடியம், மீதிப் பேர் மலையாளம். நாலு வருஷமாக இவர்களோடு ஆள் கண்டுபிடிக்கும் விளையாட்டுகள்தான்.

முதலில் மாஃபியா. 1980களில் மாஸ்கோவில் திமித்ரி தவீதவ் உருவாக்கியது. கூட்டத்தில் ஒளிந்திருக்கும் மாஃபியா ஆட்கள் 'ராத்திரி'யில் ஒருவரை ரகசியமாகக் 'கொல்வார்கள்'; 'பகலில்' எல்லோரும் பேசி அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். துண்டுச் சீட்டு போதும், செலவே இல்லை. ராஜா ராணி திருடன் போலீஸ் ஆடியவர்களுக்கு அஞ்சு நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். ஆனால் முதல் ராத்திரியே 'செத்துப்போகிற' பிள்ளை அப்புறம் அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். அதிகம் வாய் திறக்காத ஒன்பதாவதுப் பெண் ஒருத்தி மூன்று வாரம் தொடர்ந்து முதலில் வெளியேறினாள். நாலாவது வாரம் வரவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

அதனால்தான் டான் எஸ்கிரிட்ஜ் உருவாக்கிய ரெசிஸ்டன்ஸ் என்கிற அட்டை விளையாட்டை வாங்கினேன். 5 முதல் 10 பேர் ஆடலாம். கடைசிவரை யாரும் வெளியேறுவதில்லை. ஏழு பேரில் மூன்று பேர் உளவாளிகள், மிஷன் என்கிற அஞ்சு சுற்றில் மூன்றை ரகசியமாகக் கெடுத்தால் அவர்களுக்கு வெற்றி. எனக்கு மிகவும் பிடித்தது ஓட்டுதான். ஒவ்வொரு மிஷனுக்கும் போகிற சிறு குழுவுக்கு யார் சம்மதித்தார், யார் மறுத்தார் என்பது எல்லோர் கண்முன்னும் நடக்கும். வாதாடத் தெரியாத பிள்ளைகூட அதை மனசில் வைத்திருந்து ஒரே வரியில் ஆளைக் காட்டிவிடலாம். வீட்டுக்கே போய் அந்தப் பெண்ணைக் கூட்டிவந்தேன். "ரெண்டாவது மிஷனுக்கு ஏன்ணா சரின்னு போட்டீங்க?" என்று அவள் கேட்டதும் பிளஸ் டூ பையன் திணறிப்போனான்.

இன்னொன்றும் கவனித்தேன். தமிழில் பேசிக்கொண்டிருப்பவன் மாட்டிக்கொண்டால் "சத்யமாயிட்டும் ஞானல்லக்கா" (சத்தியமா நான் இல்லக்கா) என்று மலையாளத்துக்குத் தாவுகிறான். இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து, இப்போது வேண்டுமென்றே மாற்றிப் பேசிக் குழப்புகிறார்கள்!

வாங்கிய அட்டைகள் ரொம்ப மெல்லிசு. ஆறே மாதத்தில் ஓர் உளவாளி அட்டையின் மூலை மடங்கிவிட்டது; தூரத்திலிருந்தே தெரியும். இந்த வகை விளையாட்டில் அதோடு ஆட்டமே போச்சு. முதல் நாளே எல்லா அட்டைக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உறை போட்டதையும் தூக்கிக்கொண்டு போகும்; அப்போது உள்ளே உட்கார்ந்துதான் ஆட வேண்டும்.

பதினைந்து பேர் வந்துவிட்டால் இப்போதும் மாஃபியாதான். ஆனால் முதலில் வெளியேறுகிறவரிடம் ராத்திரி, பகல் என்று சொல்லிக் கதை நடத்தும் வேலையைக் கொடுத்துவிட்டு நான் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன்.