டெமோ எடுத்தவர் ஒருவர், பாடம் எடுக்க வந்தவர் வேறொருவர்: 9,500 ரூபாய் போன கதை

மதுரையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டு டியூஷன் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? ஏஜென்சி யாருக்காவது மொத்தமாகப் பணம் கட்டப்போகிறீர்கள் என்றால், ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை.

என் மகள் தமிழ் வழி. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 29. பாஸாக 35 வேண்டும். நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன், வீடு வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும். அவள் அப்பா திருப்பூரில். முதலில் பள்ளிக் கணக்கு சாரிடம்தான் போய் நின்றேன். "நாங்க தனியா டியூஷன் எடுக்கக் கூடாதும்மா, சட்டமே இருக்கு" என்றார். 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறதாம், பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு, மனுசன் தட்டிக் கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பஸ் ஸ்டாப் கம்பத்தில் இருந்த நோட்டீஸைப் பார்த்து போன் போட்டேன். "டெமோ ஃப்ரீ மேடம், பிடிச்சா மட்டும் சேருங்க" என்றார் மேனேஜர்.

டெமோ எடுக்க வந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாற்பது வயது இருக்கும். வந்ததும் புத்தகத்தைத் திறக்கவில்லை. வாசலில் என் அம்மா போட்டிருந்த கோலத்தைக் காட்டி, "ஏழு புள்ளிக் கோலம், வரிசைக்கு எத்தனை புள்ளி, சொல்லு" என்றார். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று இவள் எண்ணினாள். "இதுதான் கூட்டுத் தொடர்வரிசை. முதல் உறுப்பு ஒண்ணு, பொது வித்தியாசம் ரெண்டு" என்றார். அந்த நாலு வரிசையைக் கூட்டினால் 16, திரும்ப இறங்கும் மூன்று வரிசை 9, ஆக மொத்தம் 25 புள்ளி. அம்மாச்சியே பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரியே மேனேஜர் கூப்பிட்டார். மாதாமாதம் கட்டினால் 3,500, மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 9,000. வாரத்துக்கு நாலு வகுப்பு, மொத்தம் 48. பதிவுக் கட்டணம் தனியாக 500. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது, ஜிபே பண்ணினேன். திரையில் ஏஜென்சி பெயர் வராமல் யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வந்த ரசீதின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி: கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது.

முதல் வகுப்புக்கு அந்த டீச்சர் வரவில்லை. "அவங்களுக்குக் காய்ச்சல் மேடம், ஒரு வாரம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்று ஒரு தம்பியை அனுப்பினார்கள். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிற பையன். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. அடுத்த மாதம் கேட்டபோது, "அவங்க இப்ப டெமோ மட்டும்தான் எடுக்குறாங்க" என்று கூச்சமே இல்லாமல் சொன்னார்கள்.

தம்பி சிபிஎஸ்இ, ஆங்கில வழியில் படித்தவன். அவனுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். எங்கள் புத்தகத்தின் தமிழ்தான் தெரியாது. அவன் 'ஆங்கிள் ஆஃப் எலிவேஷன்' என்பான், இவள் தலையாட்டுவாள். கேள்வித்தாளில் 'ஏற்றக் கோணம்' என்று வந்தால் அதுதான் இது என்று இவளுக்குத் தெரியாது. 'ஃப்ரஸ்டம்' கணக்கை நோட்டு நிறையப் போட்டிருக்கிறாள். அதுவே 'இடைக்கண்டம்' என்று வந்ததும் விட்டுவிட்டாள்.

ஆனால் சனிக்கிழமை தவறாமல் எனக்கு வாட்ஸ்அப்பில் டெஸ்ட் மார்க் வந்துவிடும். 23/25, 24/25, கூடவே ஒரு கைதட்டல் பொம்மை. கடையில் பக்கத்து கவுன்டர் அக்காவிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். "அந்தத் தம்பி போனையே நோண்டிக்கிட்டு இருக்குடி" என்று அம்மா சொன்னதற்கு, "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன்.

அரையாண்டில் 27 வந்தது. டியூஷனே இல்லாமல் எடுத்ததைவிட இரண்டு குறைவு.

அன்று ராத்திரி கேள்வித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பத்தாம் வகுப்புக் கணக்கில் கடைசிப் பகுதி இரண்டு கேள்வி, தலா 8 மதிப்பெண். ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். சுமாராகப் படிக்கிற பிள்ளையை இந்த 16 மதிப்பெண்ணில்தான் முதலில் உட்கார வைப்பார்கள் என்று இப்போது ஊரே எனக்குச் சொல்கிறது. இவள் இரண்டையும் தொடவில்லை. ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். காம்பஸில் பென்சிலே சொருகவில்லை. அக்டோபரில் வாங்கிக் கொடுத்த கிராஃப் தாள் கட்டு, பிரிக்காமல் ஸ்டேப்லர் பின்னோடு கிடந்தது. டெஸ்டில் எப்படி 24 வந்தது என்று கேட்டேன். "முந்தின நாளே அந்தக் கேள்வியை அண்ணன் போட்டுக் காட்டிருவாரும்மா" என்றாள். இரண்டு மாதமாக நோட்டைத் திறந்து பார்க்காத என்னை என்ன சொல்ல.

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். பாவம், வகுப்புக்கு 100 ரூபாய் என்று பேசி, ஒரு மாதக் காசை அவனுக்கும் தராமல் வைத்திருக்கிறார்கள். மார்க் 20க்குக் கீழே போடக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவாம்.

மேனேஜரிடம் மீதிப் பணத்தைக் கேட்டேன். 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் கோச்சிங் சென்டர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலை, பிள்ளை பாதியில் நின்றால் மீதிக் கட்டணத்தை 10 நாளில் திருப்பித் தரவேண்டும் என்று இருப்பதை, வாசித்தே காட்டினேன். "நாங்க கோச்சிங் சென்டர் இல்லையே மேடம், ஆள் அனுப்புற ஏஜென்சிதான்" என்றார். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் 'கோச்சிங்' என்று போட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்பினேன். நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

பிறகுதான் 1915க்கு அடித்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் கேட்டார்கள். எத்தனை வகுப்பு நடந்தது என்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. அம்மாவிடம் இருந்தது. பால் கணக்குக் காலண்டரில், பாலுக்குப் பக்கத்திலேயே தம்பி வந்த நாளுக்கெல்லாம் சின்னதாக ஒரு டிக் போட்டு வைத்திருந்தார்கள். எண்ணினால் 19. அதைப் படம் எடுத்துச் சேர்த்தேன். இது சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை.

இப்போது அவள் பள்ளியில் மாலைச் சிறப்பு வகுப்பில் இருக்கிறாள், அதே கணக்கு சாரிடம், பைசா செலவில்லாமல். முதல் வாரமே தொடுகோடு வரைய வைத்துவிட்டார். வரப்போகிற பணத்துக்கும் அவளேதான் கணக்குப் போட்டாள்: 9,000 வகுத்தல் 48, பெருக்கல் 29. ரூ.5,437.50. புகார் பதிவான எட்டாம் நாள் 2,000 வந்தது. மீதி 3,437 ரூபாய் 50 காசு இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.