0.8 சிசி எஞ்சினோட 11 வருஷம்: எதை மாத்துனேன், எதைத் தொடாம விட்டிருக்கணும்

ஒரு சொட்டு விளக்கெண்ணெயில இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா இந்த எஞ்சினைப் பத்தி எனக்கு அதிகமா சொல்லிக் குடுத்தது அந்த ஒரு சொட்டுதான். எங்கிட்ட இருக்கறது மாடல் விமானத்துல மாட்டற ஒரு சின்ன எஞ்சின், ரீட் வால்வ் (காத்தை உள்ள மட்டும் விடற மெல்லிய தகடு) வெச்ச 049, அதாவது 0.049 கன அங்குலம், 0.8 சிசி. பின்னாடியே டேங்க் ஒட்டிட்டு வர்ற டைப். செகண்ட் ஹேண்டா கைக்கு வந்தது, ரொம்ப நாள் பெட்டிக்குள்ள கிடந்திருக்கு. ஸ்டார்ட் ஆகும், நல்லா கத்தும், ஒரு 20 செகண்ட்ல சத்தம் கீச்சுனு ஏறி பட்டுனு நின்னுரும். நீடிலை (எரிபொருள் அளவை மாத்தற ஊசித் திருகு) திறந்து விட்டா மறுபடி ஓடும், அப்புறம் திடீர்னு ரிச் ஆகி (எரிபொருள் கூடி) இருமும், ஒரு செட்டிங்ல நிக்கவே நிக்காது.

நான் என்ன நெனச்சேன்னா எஞ்சின் தேஞ்சு போச்சு, இதுல வேலை பண்ணாதான் சரி வரும்னு. ஹெட்டை மாத்துனேன், ரீட்டை மாத்துனேன், எரிபொருளை மாத்துனேன், ரெண்டு மாசம் இப்படியே போச்சு. ஒரு நாள் ஸ்டாண்டுல ஓடிட்டு இருக்கறப்ப ப்ரொப்பெல்லருக்குப் பின்பக்கமா நின்னுக்கிட்டு, ஒரு ஊசி முனையில விளக்கெண்ணெய் எடுத்து நீடில் திரெட்டுக்குள்ள இறங்குற இடத்துல ஒரே ஒரு சொட்டு விட்டேன். அடுத்த நொடி சத்தம் மாறுச்சு. கீச்சுனு கத்திட்டு இருந்தது டர்ர்ர்னு இறங்கி நாலு-ஸ்ட்ரோக் மாதிரி தடதடன்னு அடிக்க ஆரம்பிச்சிருச்சு. ஒரு பத்து செகண்ட்ல எண்ணெய உள்ள உறிஞ்சிருச்சு, மறுபடி கீச்சுனு ஏறுச்சு. இன்னொரு சொட்டு விட்டேன், மறுபடி டர்ர்ர். அவ்வளவுதான் விஷயம், நீடில் திரெட் வழியா காத்து உள்ள போய்ட்டு இருந்திருக்கு! எரிபொருளோட சேர்ந்து காத்தும் போனா எஞ்சின் லீன் (எரிபொருள் கம்மி) ஆகத்தான் செய்யும், அதிர்வுல அந்த லீக் கூடிக் கொறஞ்சா செட்டிங்கும் கூடவே ஆடத்தான் செய்யும்.

சரி பண்ணது ஒரு துண்டு சிலிக்கான் ஃப்யூயல் ட்யூப். நீடிலோட ஸ்பிரிங்கை எடுத்துட்டு, நீடில் தலைக்கும் அது உக்காற பாடிக்கும் நடுவுல ட்யூப்பை இறுக்கமா மாட்டி விட்டேன். ட்யூப் கொஞ்சம் அமுங்குற நீளத்துல வெட்டணும், குட்டையா வெட்டுனா சீல் ஆகாது, நீளமா வெட்டுனா நீடில் மூடறதுக்குள்ள முட்டும். கூடவே பின்பக்க கேஸ்கட் காஞ்சு விறைப்பா இருந்தது, அதையும் மாத்துனேன். 6x3 ப்ரொப் (6 இன்ச் விட்டம், 3 இன்ச் பிட்ச்), அதே எரிபொருள், சுத்தற வேகம் காட்டற டேக்கோமீட்டர்ல முன்னாடி நிமிஷத்துக்கு 11,500 சுத்து பக்கம் தள்ளாடிட்டு இருந்தது, இப்ப 13,000-ஐத் தாண்டி ஒரே சத்தமா நின்னுச்சு. பத்து பைசா வேலை இல்ல, ஒரு உலோகத்தைக் கூட தொடல. இதுவரைக்கும் இந்த எஞ்சின்ல நான் பண்ண மாத்தத்துலயே பெருசு இதுதான். அதனால யாரு எங்கிட்ட மாடிஃபிகேஷன் பத்திக் கேட்டாலும் மொதல்ல லீக்கை அடைங்க, அப்புறம் பேசுவோம்னுதான் சொல்லுவேன்.

லீக் பாக்கறது கஷ்டமும் இல்ல. பின்தட்டு, சிலிண்டர் அடிப்பக்கம், ஹெட்டு, இந்த ஜாயிண்ட் எல்லாத்துலயும் மெல்லிசா எண்ணெய் தடவி ப்ரொப்பை மெதுவா கையால சுத்துங்க, குமிழி வர்ற இடம் லீக். ரீட்டுக்கு வேற வழி: காத்து உள்ள போற ஓட்டைல ஒரு ட்யூப்பை வெச்சு ஊதுனா காத்து போகணும், உறிஞ்சுனா அடைக்கணும். (டேங்க்ல எரிபொருள் இல்லாம சுத்தமா இருக்கறப்ப மட்டும். எரிபொருள்ல இருக்கற மெத்தனால் வாய்க்குப் போகவே கூடாது, அது கண்ணைப் பறிக்கிற விஷம்.) ரீட்டுங்கறது காயிதம் மாதிரி ஒரு தகடு, சுத்தி ஒரு கிளிப் பிடிச்சிருக்கும், ஆனா தகடு இறுகாம லூஸா ஆடணும். ஒரு தூசி ஓரத்துல ஒட்டுனா போதும், எரிபொருள் முன்னும் பின்னும் துப்பும். ரீட் வால்வுக்கு டைமிங் கிடையாதுங்கறதால இந்த எஞ்சின் எதிர்ப்பக்கமாவும் சந்தோஷமா சுத்தும், புதுசா தொடறவங்க இதைப் பாத்து பயந்துருவாங்க. நிறுத்திட்டு மறுபடி சுண்டுனா சரியாயிரும்.

இப்ப ப்ரேக்-இன்னுக்கு, அதாவது புது எஞ்சினைப் பழக்கறதுக்கு வரேன். இதுல பல பேரு சொல்றது "ஓட ஓட லூஸ் ஆகும்"னு. நான் அப்படி நெனைக்கல. சூடாகறது, முழுசா ஆறறது, மறுபடி சூடாகறது, இதுதான் ப்ரேக்-இன். அந்தச் சூட்டுல உலோகம் தன் இடத்துல உக்காருது, மெஷின் பண்ணப்ப இருந்த நுண்ணிய மேடு பள்ளம் தேஞ்சு பளபளன்னு ஆகுது. ஒரேயடியா ஒரு மணி நேரம் ஓட்டுனா அது நடக்காது, ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டி, கை வெச்சா ஜில்லுனு இருக்கற அளவுக்கு ஆறவிட்டு, மறுபடி ஓட்டணும். 049-ல சின்ன டேங்க்னா 5 சிசிதான், ஒரு டேங்க்னாலே ஏறக்குறைய அந்த நேரம்தான், அதனால டேங்க் கணக்கு வெச்சுக்கலாம். புதுசா ஒரு சிலிண்டர்-பிஸ்டன் செட் போட்டப்ப நான் பத்து டேங்க் ரிச்சா ஓட்டிட்டு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நீடிலை மூடுனேன், ஒவ்வொரு தடவையும் பத்து செகண்ட் உச்சத்துக்கு விட்டுட்டு மறுபடி ரிச். அந்த செட் இன்னும் ஓடுது.

ஆனா இந்த முறை எல்லா எஞ்சினுக்கும் ஒத்து வராது, அதைத் தெரியாமதான் ஒரு 2.5 சிசி எஞ்சினோட ஆயுசைக் கொறச்சேன். 049-ல பிஸ்டனும் ஸ்டீல், சிலிண்டரும் ஸ்டீல், ரெண்டும் ஒரே மாதிரி விரியும். அந்தப் பெரிய எஞ்சின் ஏபிசி, அதாவது அலுமினியம் பிஸ்டன், க்ரோம் பூசுன பித்தளை ஸ்லீவ். அந்த ஸ்லீவ் மேல போகப்போக சன்னமா குறுகும், அதனால குளிர்ந்து இருக்கறப்ப பிஸ்டன் மேல வந்தா இறுகிப் பிடிக்கும், சில புது எஞ்சின்ல ப்ரொப்பைத் திருப்பவே கை வலிக்கும். சூடானா அந்தப் பித்தளை ஸ்லீவ் விரிஞ்சு வழி விடும். அப்ப இதை நான் ரொம்ப ரிச்சா, ஜில்லுனு, எண்ணெய் ஒழுக ஒழுக ஓட்டுனா என்ன ஆகும்? சூடே ஏறாது, ஸ்லீவ் விரியாது, பிஸ்டன் அந்தக் குறுகல்ல ஒவ்வொரு சுத்துக்கும் உரசிக்கிட்டே போகும். எந்த இறுக்கத்துல கம்ப்ரெஷன் நிக்கணுமோ அந்த இறுக்கமே தேஞ்சு போகும், பிஸ்டனை க்ராங்க்கோட இணைக்கற கனெக்டிங் ராடும் அடி வாங்கும். நான் அரை லிட்டர் எரிபொருளை அப்படித்தான் காலி பண்ணேன், பாத்துப் பாத்து பண்றோம்ங்கற நெனப்புல. அடுத்த வருஷமே ஹேண்ட் ஸ்டார்ட் கஷ்டமாயிருச்சு.

ஏபிசிக்கு சரியான வழி, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஹீட் கன்னாலயோ ஹேர் ட்ரையராலயோ சிலிண்டரைச் சூடு பண்ணிட்டு, கொஞ்சம் சின்ன ப்ரொப் போட்டு, ரெண்டு-ஸ்ட்ரோக்குக்கும் நாலு-ஸ்ட்ரோக்குக்கும் நடுவுல சத்தம் மாறி மாறி வர்ற அந்த விளிம்புல ஓட்டறது. நாலு-ஸ்ட்ரோக் சத்தம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: எரிபொருள் அதிகமாகி ஒவ்வொரு சுத்துக்கும் எரியாம ஒண்ணு விட்டு ஒண்ணு எரியும், அப்ப சத்தம் தணிஞ்சு தடதடன்னு கேக்கும். இந்தச் சத்தத்தைக் காதுல பிடிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

இப்ப என் கையால கெடுத்ததைச் சொல்லணும். 049-ல சிலிண்டர் உள்பக்கம் பைபாஸ்னு ஒரு பள்ளம் இருக்கும், க்ராங்க்கேஸ்ல இருந்து மேல கலவை ஏற்ற வழி. சிலதுல ஒண்ணு, சிலதுல ரெண்டு. ஒத்தை பைபாஸ் சிலிண்டரை எடுத்து அதை அகலமாக்கலாம்னு சின்ன ரோட்டரி டூல் விட்டேன். கண்ணுக்கு அழகாத்தான் இருந்தது. ஆனா பள்ளத்தோட விளிம்புல நகத்துக்குக் கூட தட்டுப்படாத ஒரு பிசிர் நின்னுருச்சு. மூணாவது டேங்க்ல பவர் போச்சு, கழட்டி வெளிச்சத்துல பிடிச்சா பிஸ்டன் பக்கவாட்டுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே ஒரு கோடு, முடி மாதிரி. அந்தக் கோடு வழியாத்தான் கம்ப்ரெஷன் ஓடிப்போச்சு. பிஸ்டன் விட்டமே 10 மில்லிமீட்டர் சொச்சம்தான், அதுல முடி மாதிரி ஒரு கோடுன்னா அது சின்ன விஷயம் இல்ல. ரெண்டு பைபாஸ் வேணும்னா அதுக்குன்னே செஞ்ச சிலிண்டரைத் தேடி மாட்டுங்க, அறுக்காதீங்க.

காத்து ஓட்டையைப் பெருசாக்கறதும் பண்ணேன். ஸ்டாண்டுல ஸ்பீடு ஏறுச்சு, உண்மைதான். ஆனா ஓட்டை பெருசானா எரிபொருளை உறிஞ்சுற இழுவை கொறையும், விமானம் மூக்கைத் தூக்குன உடனே லீன் ஆகி நிக்கும். டேங்க்ல ப்ரெஷர் குடுத்து ஓட்டறவங்களுக்கு அது சரி, சாதாரணமா உறிஞ்சி ஓடற எஞ்சினுக்கு வேண்டாம்.

எனக்கு உருப்படியா வேலை செஞ்ச மாத்தம் ஹெட்டுக்கு அடில போடற செம்பு கேஸ்கட். கேஸ்கட் கூடுனா கம்ப்ரெஷன் கொறையும். நிட்ரோ (எரிபொருள்ல கலக்கற நைட்ரோமீத்தேன்) கம்மின்னா ஒரே கேஸ்கட், கூடன்னா ரெண்டு. கம்ப்ரெஷன் அதிகமாயிட்டா உச்சத்துல சடசடன்னு பொரியற மாதிரி ஒரு சத்தம் வரும், அடுத்து எரிபொருளைப் பத்த வைக்கற க்ளோ கம்பி போயிரும். இந்த டைப்புல கம்பி ஹெட்டோடயே சேர்ந்து வருது, கம்பி போனா ஹெட்டே போச்சு. 1940கள் கடைசியில ரே ஆர்டன் க்ளோ ப்ளக்கை விற்பனைக்குக் கொண்டு வந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் தத்துவம் ஒண்ணுதான், பேட்டரியைக் கழட்டுனப்புறமும் மெத்தனால் ஆவி அந்தப் பிளாட்டினம் கம்பியைத் தணல் மாதிரியே வெச்சிருக்கும். எரியற டைமிங்கைத் தனியா வெக்க வழி இல்ல, கம்ப்ரெஷன், நிட்ரோ, ப்ரொப் மாதிரி விஷயங்கள்தான் அதைத் தீர்மானிக்குது, அதனால அந்த ஒரு மெல்லிய செம்பு வளையத்துக்கு அவ்வளவு மரியாதை.

எரிபொருள் விஷயத்துல எனக்குக் கோபமே வரும். பெரிய எஞ்சினுக்குன்னு செஞ்ச, முழுக்க சிந்தெடிக் ஆயில் போட்ட எரிபொருளை "எல்லாத்துக்கும் ஓடும்"னு ஒருத்தர் சொன்னார்னு ஒரு சீசன் முழுக்க ஊத்துனேன். லெராய் காக்ஸ் கம்பெனி 1950கள்ல பிரபலமாக்குன இந்த டிசைன்ல பிஸ்டனையும் ராடையும் கோக்கற குறுக்கு ஊசி (pin) கிடையாது, கனெக்டிங் ராட் தலை ஒரு உருண்டை, பிஸ்டனுக்குள்ள ஒரு குழியில உக்காரும். அந்த உருண்டைக்கு உயிரே விளக்கெண்ணெய்தான், மத்த எண்ணெய் ஓடிப்போற சூட்டுலயும் அது படலமா ஒட்டிக்கிட்டு நிக்கும். சீசன் முடிவுல ப்ரொப்பை லேசா முன்னும் பின்னும் ஆட்டுனா டிக் டிக்னு விரல்ல தெரிஞ்சது, உருண்டை லூஸ். அதுக்குன்னு ஒரு ரீசெட் டூல் இருக்கு, பிஸ்டனைத் தலைகீழா வெச்சு குழியோட உதட்டை மெதுவா தட்டி இறுக்கறது. ஒரு தட்டு, பாக்கறது, இன்னொரு தட்டு. ராட் தன் எடையிலயே சரிஞ்சு விழணும், ஆனா ஆட்டுனா சத்தம் வரக்கூடாது, அங்க நிறுத்திரணும். அதிகமா தட்டிட்டா பிடிச்சுக்கும், திரும்ப லூஸ் பண்ண வழி இல்ல. இப்ப நான் ஊத்தறது எண்ணெய் 20 சதவீதத்துக்குக் கொறையாம, அதுல பாதிக்கு மேல விளக்கெண்ணெய், நிட்ரோ 15-ல இருந்து 20.

விளக்கெண்ணெய்க்கு ஒரு கெட்ட குணமும் இருக்கு, சூட்டுல பழுப்பா வார்னிஷ் மாதிரி படியும், வருஷக்கணக்குல சும்மா கிடந்தா எஞ்சினையே ஒட்டி வெச்சிரும். அப்ப ஸ்பானர் போட்டுத் திருகாதீங்க, ராட் வளைஞ்சிரும். ஹேர் ட்ரையர்ல சூடு காட்டுங்க, தானா இளகும். கறைக்கு, ப்ளாஸ்டிக்கும் ரப்பரும் கழட்டுன உலோக பாகங்களை காருக்கு ஊத்தற கூலன்ட்ல போட்டு குறைஞ்ச சூட்டுல சில மணி நேரம் வெச்சா புதுசு மாதிரி வரும். அது விஷம், அந்தப் பாத்திரம் அதுக்கு மட்டும்தான், சமையல் பக்கமே போகக் கூடாது, ஜன்னலைத் திறந்து வெச்சு பண்ணுங்க. ஓட்டி முடிச்ச அன்னிக்கு டேங்க்கை முழுசா காலி பண்ணி, நாலு சொட்டு லேசான மெஷின் ஆயில் விட்டு சுத்தி வெச்சா இவ்வளவு தூரம் வராது, மெத்தனால் ஈரத்தை உறிஞ்சி வெச்சுக்கும், துரு அங்க இருந்துதான் ஆரம்பிக்குது.

விரல் பத்தி ஒரு வார்த்தை. சின்ன எஞ்சின்னு அலட்சியம் வேண்டாம், 13,000 ஆர்பிஎம்ல சுத்தற 6 இன்ச் ப்ரொப் எலும்பு வரைக்கும் வெட்டும். நீடிலைப் பின்பக்கமா நின்னு மட்டும் தொடுங்க. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாது, அதனால பாட்டிலை மூடி தள்ளி வெச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

இப்ப ஸ்டாண்டுல இருக்கறது ஒரு சின்ன டீசல். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் கலந்து ஓடறது, க்ளோ ப்ளக்கே இல்ல, தலையில இருக்கற ஸ்க்ரூவைத் திருகி கம்ப்ரெஷன் வெக்கறது. எக்ஸாஸ்ட்டுக்கு நேரா ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி வெச்சிருக்கேன், 049-க்கும் இதேதான் பண்ணேன். முதல் ஓட்டத்துல தாள்ல விழுந்தது கரும் சாம்பல் நிறம், அது தேயற உலோகம். நாலாவதுல வெளிறி பென்சில் கோடு மாதிரி ஆயிருக்கு. வெறும் எண்ணெய்க் கறையா, தெளிவா விழற வரைக்கும் இதை விமானத்துல மாட்டப் போறதில்ல.