குலுக்கலா, வாசகப் போட்டியா?

பொருள் வாங்கிக் கூப்பன் போடும் குலுக்கலில் நம் கையில் இருப்பது எண்ணிக்கை மட்டும்தான். 10,000 கூப்பன் விழுந்த பெட்டியில் உங்களுடையது ஒன்று என்றால் வாய்ப்பு 10,000-இல் 1. ஐந்து போட்டால் 2,000-இல் 1, அவ்வளவுதான். அதற்காகத் தேவையில்லாத சோப்பை வாங்கி அடுக்காதீர்கள். ஊரே திரளும் கார் பரிசைவிட, ஆள் குறைவாக வரும் சின்னக் குலுக்கலே மேல். அப்புறம், தமிழ்நாட்டில் 1979-ஆம் ஆண்டின் பரிசுத் திட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. பல விளம்பரங்களின் அடியில் 'தமிழ்நாட்டில் செல்லாது' என்று பொடி எழுத்தில் போடுவது இதனால்தான். முதலில் அதைப் படியுங்கள்.

பொருளைப் பற்றி ஒரு வரி எழுதி அனுப்பும் வாசகப் போட்டியில் நம் உழைப்புக்கு மதிப்புண்டு. 'இந்த டீ எனக்குப் பிடிக்கும், ஏனெனில்...' என்றால் பலரும் 'சுவையும் மணமும்' என்றுதான் எழுதுவார்கள். 'நானும் மாமியாரும் நாலு மணிக்குச் சண்டையை நிறுத்துவது இதற்காகத்தான்' என்று எழுதிப் பாருங்கள், நடுவர் கண் அங்கே நிற்கும். பத்துச் சொல் என்றால் பதினொன்றாவது சொல் இருக்கவே கூடாது. பில் நகல் கேட்டிருந்தால் அதையும் இணைத்துவிடுங்கள். நல்ல வாசகம்கூட இப்படிச் சின்னத் தவறில் தள்ளுபடியாகிவிடும்.

நேரம் ஒன்றுக்குத்தான் என்றால், நான் வாசகப் போட்டி பக்கம்தான்.

எதில் ஜெயித்தாலும், 10,000 ரூபாயைத் தாண்டிய ரொக்கப் பரிசில் 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். 'முதலில் பணம் அனுப்புங்கள், பரிசை விடுவிக்கிறோம்' என்று போன் வந்தால் அது மோசடி, உடனே வைத்துவிடுங்கள்.