ஏற்காடு, குடகு, வயநாடு, அரக்கு: ஒரே பில்டரில் ஓராண்டு

சென்னையில் எந்தக் காபிப்பொடிக் கடையில் போய் நின்றாலும் முதல் கேள்வி, "பீபெரியா, ஏ-வா? சிக்கரி எவ்வளவு?" என்பதுதான். எந்த மலைக் கொட்டை என்று கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. பீபெரி என்பது ஊரும் இல்லை, ரகமும் இல்லை. பழத்துக்குள் இரண்டு தட்டைக் கொட்டைகளுக்குப் பதிலாக ஒற்றை உருண்டை விளைந்தால் அது பீபெரி. குடகுத் தோட்டத்திலும் இருக்கும், ஏற்காட்டிலும் இருக்கும். 'பிளாண்டேஷன் ஏ' என்றால் தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகாவில் (காபியின் இரண்டு முக்கிய இனங்களில் ஒன்று; மற்றது ரொபஸ்டா) பெரிய கொட்டை. 'செர்ரி' என்றால் பழத்தோடு அப்படியே களத்தில் காய்ந்தது. ஆக, கடைப் பலகையில் எழுதியிருப்பதெல்லாம் அளவும் பதமும்தான், அதாவது பதப்படுத்திய விதமும்தான். மலையை நாமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்டு வாங்கினால் வித்தியாசம் தெரிகிறதா? தெரிகிறது, ஆனால் நிபந்தனையோடு. ஒவ்வொரு மலைக் கொட்டையாக வாங்கி ஓராண்டு ஒரே பில்டரில் போட்டுப் பார்த்தோம். அளவை மாற்றவில்லை: எவர்சில்வர் பில்டரில் 20 கிராம் பொடி, கொதி அடங்கி அரை நிமிடம் ஆன 120 மில்லி தண்ணீர். இறங்குவது 80 மில்லி. மிச்சம் 40-ஐப் பொடியே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பங்கு டிகாக்ஷனுக்கு மூன்று பங்கு ஆவின் பச்சை பாக்கெட் பால். ஒவ்வொரு ஊர்க் கொட்டையும் முதலில் சிக்கரி இல்லாமல், பிறகு 10, 20, 30 சதவீதம் சேர்த்து. 20 வரை ஊர் அடையாளம் நிற்கிறது. 30-ல் எல்லா ஊரும் ஒரே ஊர்தான். வறுவலும் அப்படியே: கொட்டையில் எண்ணெய் மினுமினுக்கும் அளவுக்குக் கறுக்க வறுத்தால் அரக்குக்கும் ஆனைமலைக்கும் பேதம் கிடையாது. மீடியம் வறுவலோடு நிறுத்தச் சொல்லுங்கள். சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். மீதி 49-ம் சிக்கரியாக இருக்கலாம் என்பதுதான் அதன் மறுபக்கம். பாக்கெட் வாங்குகிறவர்கள் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிப்பது நல்லது.

மலை ஏற ஏற இரவு குளிரும். பழம் மெதுவாகக் கனியும், கொட்டை இறுகும், சர்க்கரையும் புளிப்பும் கூடுதலாகச் சேரும். இந்தியாவில் அராபிகா பெரும்பாலும் 1000 முதல் 1500 மீட்டர், ரொபஸ்டா 500 முதல் 1000. கர்நாடகத்தின் பாபாபுதன்கிரியும் சிக்கமகளூரும் தருவது இந்த உயரத்துக் காபி: மெல்லிய புளிப்பு, முடிவில் லேசான கோகோ வாசம். பாலிலும் இது அழிவதில்லை. ஒரே ஒரு கொட்டையைத்தான் வாங்குவேன் என்பவருக்கு எங்கள் ஓட்டு சிக்கமகளூர் பிளாண்டேஷன் ஏ-வுக்கு.

குடகும் வயநாடும் வேறு கதை. அங்கே ரொபஸ்டாதான் அதிகம். பாலோடு குடிக்கிற ஊரில் ரொபஸ்டாவை மட்டமாகப் பேசுவது தவறு. அராபிகாவில் காஃபீன் சுமார் 1.2 சதவீதம் என்றால் இதில் 2.2. கசப்பும் கனமும் இதில்தான். கள்ளிச்சொட்டாக டிகாக்ஷன் வேண்டுமானால் இது இல்லாமல் ஆகாது. ஆனால் எந்தப் பதம் என்பது முக்கியம். வயநாட்டில் பெரும்பகுதி ரொபஸ்டா செர்ரி. களத்தில் சரியாகக் காயாத சரக்கு என்றால் டப்பாவைத் திறந்ததும் ஈரச் சாக்கு வாடை வரும். எவ்வளவு வறுத்தாலும் போகாது. கழுவிய குடகு ரொபஸ்டா, அதாவது 'ரொபஸ்டா பார்ச்மெண்ட்', அதே கனத்தைச் சுத்தமாகத் தருகிறது. நூறு கிராமில் 30 கிராம் இதைச் சேர்த்தால் சிக்கரியை 10 சதவீதத்துக்குக் குறைத்துவிடலாம். டம்ளரில் நிறம் கொஞ்சம் வெளிறும், ருசி வெளிறாது.

நம் தமிழ்நாட்டு மலைகளைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும். ஏற்காடு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, வால்பாறை, நீலகிரி எல்லாவற்றிலும் நல்ல அராபிகா விளைகிறது. பழனிமலைச் சரிவில் காபியோடு ஆரஞ்சும் வாழையும் மிளகும் நிற்கும். சிக்கல் மழையில் இருக்கிறது. கர்நாடகத் தோட்டங்கள் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை நம்பியவை. அராபிகா பறிக்கிற நாட்களில் அங்கே வெயில் அடிக்கும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை கொட்டும், பறிப்பும் அதோடு மோதும். களத்தில் கிடக்கும் கொட்டை நாலு நாள் நனைந்து நாலு நாள் காய்ந்தால் புளித்த வாடை ஏறும். அதனால்தான் இந்த மலைகளின் சரக்கு ஒரு தடவை பூவாசத்தோடு அசத்தும், அடுத்த தடவை காலை வாரும். அரைக் கிலோ ஒரேயடியாக வாங்காதீர்கள். 100 கிராம் வாங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆந்திரத்தின் அரக்கு வேறு மாதிரி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் அந்தக் காபி பால் இல்லாமல் குடித்தால் பழவாசத்தோடு அருமை. நம் பாலில் விழுந்தால் காணாமல் போகிறது. பில்டருக்கு என்று கேட்டால் வேண்டாம் என்போம்.

சென்னைத் தண்ணீர் இதில் பெரிய வில்லன். போர் தண்ணீரின் உப்பும் காரத்தன்மையும் காபியின் அமிலத்தை முறித்துவிடும். சிக்கமகளூர்க் காபியே மண்ணாகத் தட்டும். ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றினால் டிகாக்ஷன் சப்பென்று இருக்கும், புளிப்பு மட்டும் குத்தும். ஆர்.ஓ. பாதி, காய்ச்சி வடிகட்டிய மெட்ரோ தண்ணீர் பாதி என்று கலந்தபோதுதான் ஊருக்கு ஊர் வித்தியாசம் தெளிவாக வந்தது.

இன்னொரு தொல்லை, டிகாக்ஷன் இறங்காமல் நிற்பது. 15 முதல் 20 நிமிடத்தில் இறங்க வேண்டும். நின்றுவிட்டால் முதலில் மேல் பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கிப் பாருங்கள். கீழே ஆவி அடைத்துக்கொண்டிருந்தால் புஸ்ஸென்று சத்தம் வந்து சொட்டத் தொடங்கும். அப்படியும் வராவிட்டால் பொடி அதிக மைய அரைபட்டிருக்கும், அல்லது குடையை (பொடியின் மேல் வைக்கும் காம்புள்ள துளைத்தட்டு) அழுத்தி வைத்திருப்பீர்கள். குடை பொடியின் மேல் சும்மா உட்கார்ந்தால் போதும். ஓட்டைகள் அடைத்திருந்தால் காலி பில்டரின் அடியை அடுப்புத் தணலில் அரை நிமிடம் காட்டி, ஆறியதும் தட்டுங்கள். 30 சதவீதச் சிக்கரிக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. அது ஊறிப் பசையாகும்.

ஒரே கடையில் ஒரே கலவை வாங்கினாலும் ஆண்டு முழுக்க ஒரே ருசி வராது. அராபிகா பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை, ரொபஸ்டா அதற்குப் பின்னால். ஏப்ரல், மே மாதங்களில் புதுச் சரக்கு வாசமாக இருக்கும். ஐப்பசி மழைக்குள் பழசாகிப் புளிப்பு மங்கி, மரத்தூள் ருசி தலைகாட்டும். அப்போது வறுவலைக் குறை சொல்லாமல், "புதுப் பயிர் எப்போ வரும்?" என்று கேளுங்கள். அதுவரை பொடியை 200 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். கடற்கரைக் காற்றில் பத்து நாளில் வாசம் போய்விடும், ஈரக் கரண்டி ஒரு முறை பட்டால் சிக்கரி கட்டிதட்டிவிடும்.