பென்ஷனர் காப்பீட்டு அட்டையை நம்பிப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்களுக்குப் போனது ரூ.1,38,000

கேஷ்லெஸ், அதாவது கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லி அம்மாவைச் சேர்த்துக்கொண்டு, டிஸ்சார்ஜ் அன்று அப்பாவிடம் ரூ.1,38,000 கறந்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் யாராவது இருந்தால் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தமிழக அரசின் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுக்காக அவர் பென்ஷனில் மாதம் ரூ.497 பிடிக்கிறார்கள். 2022 ஜூலையில் தொடங்கிய திட்டம், நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ரூ.5 லட்சம், குறிப்பிட்ட சில நோய்களுக்கு ரூ.10 லட்சம் வரை. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, காப்பீட்டை ஏற்கும் மருத்துவமனைகளின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அந்தப் பெரிய தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பையன் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க பென்ஷன்லதான் மாசாமாசம் பிடிக்கிறாங்களே சார், அப்புறம் எதுக்குப் பணம்? நிம்மதியா உட்காருங்க" என்றான். அவ்வளவு அன்பாகச் சொன்னான். அம்மா வலியில் கத்திக்கொண்டிருக்கிறாள், அப்பாவின் கை நடுங்குகிறது, அந்த நேரத்தில் ஒரு கற்றைக் காகிதத்தை நீட்டி "இதெல்லாம் வழக்கமான ஃபார்ம்தான்" என்று கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒன்று, கூடுதல் வசதிகளை நாங்களே விரும்பிக் கேட்டதாகச் சொல்லும் ஒப்புதல் கடிதம்!

டிஸ்சார்ஜ் அன்று பில் வருகிறது. காப்பீட்டில் பாக்கேஜ் தொகைக்கு, அதாவது அந்த சிகிச்சைக்கென்று மொத்தமாக நிர்ணயித்த தொகைக்கு மட்டும்தான் அனுமதியாம், எலும்பில் உள்ளே வைத்த இம்ப்ளான்ட் (செயற்கைப் பொருள்) உயர்தரமானதாம், அதனால் ரூ.1,38,000 கட்டினால்தான் அனுப்புவார்களாம். எந்த இம்ப்ளான்ட் வேண்டும் என்று எங்களிடம் யார் கேட்டது? கட்டினோம், வேறு வழி இல்லை. ரசீதில் "அட்வான்ஸ்" என்று மட்டும் போட்டிருக்கிறது.

அதன்பிறகு அலைக்கழிப்பு. மருத்துவமனையில் கேட்டால் காப்பீட்டுக்காரரைக் கேளுங்கள் என்கிறார்கள். காப்பீட்டின் உதவி எண்ணில் பேசினால், பணம் வாங்கியது மருத்துவமனை, அங்கேயே கேளுங்கள் என்று வைத்துவிடுகிறார்கள். கருவூலத்தில் பிடித்தம் சரியாகப் போகிறது என்பதோடு முடித்துக்கொண்டார்கள். அந்த டெஸ்க் பையனோ இப்போது எங்களைத் தெரியாதது போல் கணினியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். வாழ்நாள் முழுக்கப் பாடம் சொல்லிக்கொடுத்த மனிதரை இப்படி நிற்கவைக்கிறார்களே என்று வயிறு எரிகிறது.

சரி, விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி எவ்வளவு தொகைக்கு வந்திருக்கிறது என்று காகிதத்தில் கேட்டு வாங்குங்கள். அவசரம் என்றாலும் ஒப்புதல் கடிதத்தை உடன் வந்தவர் யாராவது படித்துவிட்டுக் கொடுக்கட்டும். எதற்கு வாங்கினார்கள் என்று எழுதாத ரசீதை வாங்காதீர்கள்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் இதற்கென்று ஒரு குழு இருக்கிறது, அங்கே மனு கொடுக்கப் போகிறோம். இப்படிக் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் இருந்தால், மனுவோடு என்னென்ன இணைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.